மீன்கொத்திக்கு இரண்டு முதலாளிகள்

"வெளியே போங்கோ" என்றார் வெங்கடநாராயணன்.

பெத்துராஜ் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி, சித்ரபானு காமிக்ஸ் ஆபீஸ். லிஃப்ட் ஓடவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதையும் அதற்கேற்ற தொந்தியையும் படியேற்றிக் கொண்டுவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும் சார்" என்றாள் அவருடைய உதவியாளர் சரிதா. "இவர் இங்கயே விழுந்தா தூக்கறதுக்கு உங்க ஆபீஸ்ல ஆள் பத்தாது. இருந்த ஒரு டிரைவரையும் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டீங்க."

பெத்துராஜ் கோவில்பட்டிக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்து, வேலையை விட்டு, லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருப்பவர். சரிதா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளி நன்றாக வரும். இரண்டு மொழியிலும் வாய் அடங்காது.

அன்று காலை அவர்கள் ஆபீஸுக்கு அன்னக்கிளி வந்திருந்தாள். அழவில்லை. மேஜையில் கையூன்றி நின்று, "என் வீட்டுக்காரர் திருடன் இல்ல. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கணவன் அருள், சித்ரபானு காமிக்ஸின் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். நேற்று மாலை போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. புகார் கொடுத்தவர் முதலாளி வெங்கடநாராயணனேதான். சில நாட்களாக ஊரெங்கும் கடைகளிலிருந்து கம்பெனியின் சாமான்கள் காணாமல் போகின்றன. யாரோ கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, பிரிண்டிங் மிஸ்டேக் என்று சொல்லி, எடுத்துப் போய்விடுகிறார்கள். இன்று மாலைக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால், காலையில் அருளைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள்.

"அருள்தான்னு எப்படிச் சொல்லுதீங்க?" என்று கேட்டார் பெத்துராஜ்.

வெங்கடநாராயணன் இழுப்பறையைத் திறந்து ஒரு தொப்பியை எடுத்து மேஜைமேல் வீசினார். நீலத் தொப்பி. முன்பக்கம் மீன்கொத்தி அலகு போன்ற முகமூடியும் இரட்டைப் பின்னலுமாக ஒரு சிறுமியின் முகம். அது வரைந்த முகம் அல்ல, வரப்போகும் சினிமாவில் அந்தப் பாத்திரமாக நடிக்கும் குட்டி நடிகையின் போட்டோ.

"அவன் வேன்ல கிடந்தது. என் சோத்தைத் தின்னுட்டு சினிமாக்காரன் குண்டுவுக்கு வேலை பாத்திருக்கான்."

"இது ஊர் பூரா விக்கிற தொப்பிதானே சார்? இதுல இருக்கது மாச்ராங்கா, உங்க காமிக்ஸ் பொண்ணுதானே?"

மாச்ராங்கா என்றால் வங்காளியில் மீன்கொத்தி. ஹூக்ளி ஆற்றின் மேலே பறந்து, யாராவது ஆபத்தில் இருந்தால் தலைகுப்புறப் பாய்ந்து காப்பாற்றுகிற பெண். கல்கத்தாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவளைப் படித்துத்தான் வளர்ந்தார்கள்.

"காமிக்ஸ் புஸ்தகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் என்னுது" என்றார் வெங்கடநாராயணன். "நாலு வருஷத்துக்கு முன்னாடி கம்பெனி மூழ்கற நிலைமையில அவளோட சினிமா உரிமையை டாலிகஞ்ச் குண்டுவுக்கு எழுதிக் குடுத்தேன். அதோட சேத்து பொம்மை, பை, தொப்பி, டிபன் பாக்ஸ் எல்லாத்தையும் வாங்கிண்டுட்டான். ஒரு பென்சில்மேல அவ படத்தைப் போட எனக்கு உரிமை கிடையாது. போட்டா கோர்ட்டுக்குப் போவான்."

"அதனால?"

"அதனால அவன் சரக்குக்கு நான் எதுக்குத் தண்டோரா போடணும்? அட்டைப் படத்துலேர்ந்து எடுத்தேன். காலண்டர்லேர்ந்து எடுத்தேன். என் ஹீரோ எல்லாரும் சேந்து நிக்கிற போஸ்டர்லேர்ந்தும் எடுத்தேன். போன வருஷம் கதையிலயே கொன்னுட்டேன். ஆத்துல மூழ்கிப் போயிட்டா."

"மீன்கொத்தி தண்ணியில மூழ்கிச் செத்துதா?" என்றாள் சரிதா.

வெங்கடநாராயணன் அவளைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதம் வேறு யாரோ சாகப்போகிறார்கள் என்று பட்டது பெத்துராஜுக்கு.

அறை முழுக்கத் துர்கா பூஜைக்கான சாமான்கள் அடுக்கியிருந்தன. பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். எல்லாவற்றிலும் தலைப்பாகை கட்டிய ஒரு புலி. மாச்ராங்காவின் இடத்துக்கு முதலாளி அப்போதே கொண்டுவந்த ஹீரோ, கேந்தோ சர்தார்.

"காணாமப் போனதுல மாச்ராங்கா படம் போட்டது எவ்வளவு?"

"காது கேக்கலையா உமக்கு? என் சாமான்ல அவ எப்படி இருப்பா? போனது பூரா புலி."

"அப்ப குண்டுவுக்குப் புலி எதுக்கு?"

மறுபடியும் "வெளியே போங்கோ"தான் வந்தது.

"படம் வரையுறது யாரு?" என்று வாசலில் நின்று கேட்டார் பெத்துராஜ்.

"வித்யாலக்ஷ்மி. ஜுரம்னு லீவுல இருக்கா. அவளையும் போய்ப் பிடுங்கி எடுக்காதீங்கோ."

டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில், பந்தலுக்குக் கட்டிய மூங்கில்களுக்கு மேலே பெரிய விளம்பரப் பலகை ஒன்று நின்றது. நீல உடையில் மாச்ராங்கா பாய்ந்துகொண்டிருந்தாள். பூஜைக்குப் படம் வருகிறது. பலகையின் கீழ்ப்பாதியில் இருந்த வங்காளி எழுத்துகளைச் சரிதா படித்துச் சொன்னாள்.

"போட்டி சார். 'ஊர்ல எங்க மாச்ராங்காவைப் பாத்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பரிசு உண்டு.' அடியில பொடி எழுத்துல, 'அனுப்பும் படமும் அதிலுள்ள உருவமும் எங்களுக்கே சொந்தம்.' நல்ல மனுஷன். எறும்பு சக்கரை தூக்கிட்டுப் போனாக்கூட சக்கரை இவருதும்பார்."

"எப்ப வச்ச பலகை?"

பக்கத்தில் டீ விற்றவரைக் கேட்டாள். போன வாரம் விசுவகர்மா பூஜையன்று வைத்ததாம். பெத்துராஜ் புருவத்தைச் சொறிந்தார். கடைகளில் சாமான் காணாமல் போகத் தொடங்கியதும் விசுவகர்மா பூஜைக்கு மறுநாள்தான் என்று அன்னக்கிளி சொல்லியிருந்தாள்.

ஸ்டூடியோவில் தேபாஷிஷ் குண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர். பெயருக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை என்று சரிதா காதோடு சொன்னாள். பெத்துராஜ் தன் கார்டை நீட்டினார். குண்டு அதை வாங்காமலே, "டிக்டிகி" என்றார்.

"பல்லிங்கறார் சார். இந்த ஊர்ல துப்பறியறவனுக்கு அதான் பேரு."

"சுவத்துல ஒட்டிக்கிட்டு எல்லாத்தையும் பாக்கேம்லா, சரிதான்" என்றார் பெத்துராஜ். "குண்டுபாபு, வெங்கடநாராயணனோட சாமான் கடையில காணாமப் போகுது. நீங்க எடுக்கீங்கன்னு சொல்லுதாரு."

பொரிக் கிண்ணம் தரையில் வைக்கப்பட்டது. "அவன் சொல்றானா? நான் வாங்கினது உயிரோட இருந்த ஒரு பொண்ணை" என்றார் குண்டு வங்காளியில். சரிதா வரிக்கு வரி தமிழில் திருப்பினாள். "வாசல்தோறும் அவ முகம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட மறுநாள்லேர்ந்து அவன் அவளை ஒளிச்சு வைக்கிறான். என் படம் வரும்போது ஒரு குழந்தைக்குக்கூட அவ ஞாபகம் இருக்கக் கூடாதுன்னு கொன்னான். நான் அவன்கிட்ட திருடுறேனாம்."

"புலிச் சாமானை நீங்க எடுக்கல?"

"புலியை வச்சு நான் என்ன செய்ய? அவன் சாமான்ல எங்கயாவது ஒரு மூலையில மாச்ராங்கா தெரியட்டும், அதை எடுத்து ஒளிச்சா வைப்பேன்? டிவிக்காரங்களைக் கூப்பிட்டு நடுத் தெருவுல காட்டுவேன். பூஜைக்கு முன்னாடி அவன் கதவுல கோர்ட் பூட்டு தொங்கும். அதுக்குத்தான் அந்தப் போட்டியே. இப்ப இடத்தைக் காலி பண்ணு, டிக்டிகி."

கேட்டைத் தாண்டும்போதே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பியது. அவர்கள் ஏறிய ஆட்டோவின் பின்னாலேயே வந்தது.

"குண்டுவோட ஆளு" என்றாள் சரிதா. "இன்னிக்கு நம்மளை வெளிய போகச் சொன்ன ரெண்டாவது மனுஷன். ஆனா பாருங்க, வழியனுப்ப ஆள் விட்ட முதல் மனுஷன்."

பெத்துராஜ் சிரிக்கவில்லை. குண்டு பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தோன்றியது. பொய் சொல்கிறவனுக்கு இவ்வளவு ஆசையாகக் கோபம் வராது. ஒருத்தர் மாச்ராங்கா எங்கேயும் தெரியக் கூடாது என்கிறார். இன்னொருத்தர் எங்கேயாவது தெரிய மாட்டாளா என்று தேடுகிறார். நடுவில் யாரோ புலியை அள்ளிக்கொண்டு போகிறார்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

லேக் மார்க்கெட்டில் சந்தானத்தின் ஃபேன்ஸி ஸ்டோர். பூஜைக் கூட்டம் கடையை நெருக்கித் தள்ளியது. சந்தானம் தமிழர்தான். ஆனால் அன்றைக்குத் தமிழ் அவர் மனதை இளக்கவில்லை.

"போலீஸ் வந்து கேட்டாச்சு, கம்பெனி வந்து கேட்டாச்சு. வியாபார நேரத்துல நீங்க வேறயா? நான் கடையிலயே இல்ல. சாமானை எடுத்துக் குடுத்தது மிதாலி. அந்தப் பொண்ணையே கேளுங்க, சீக்கிரம் கேளுங்க."

மிதாலி கவுன்டரில் நிற்கும் வங்காளிப் பெண். வளையல் பெட்டியை மூடிக்கொண்டே சரிதாவிடம் மளமளவென்று சொன்னாள். சரிதா தமிழில் திருப்பினாள்.

"மழை பெய்ஞ்ச அன்னிக்கு கம்பெனியிலேர்ந்து ஆள் வந்தாங்க. மழைக்கோட்டு, மாஸ்க், தொப்பி. கார்டு காட்டினாங்க. கார்டு நிஜம்தானாம், முத்திரையெல்லாம் இருந்ததாம். எல்லாத்தையும் எடுக்கலையாம். ஒவ்வொண்ணாப் பாத்துப் பொறுக்கி எடுத்தாங்களாம். உக்காந்திருக்கிற புலியை மட்டும் எடுத்தாங்க. பாயற புலியைத் தொடவே இல்ல."

"உக்காந்த புலி என்ன பாவம் பண்ணுச்சு?"

"இன்னும் ஒண்ணு சார். எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் தலைகீழாப் புடிச்சுப் பாத்தாங்களாம். பையில ஓட்டை இருக்கான்னு பாக்கறாங்கன்னு இவ நெனைச்சாளாம்."

பெத்துராஜ் நிமிர்ந்தார். ஆனால் அவரைப் பிடித்து நிறுத்தியது தலைகீழ் விஷயம் அல்ல. சரிதா பேசிய விதம்.

"ஏம்மா, நீ 'வந்தாங்க, எடுத்தாங்க'ன்னு சொல்லுதியே. வந்தது ஆணா பொண்ணா?"

சரிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இவ 'உனி எஷேசிலேன்'னு சொன்னா. வங்காளியில ஆணுக்கும் அதான், பொண்ணுக்கும் அதான். அவன் அவள்னு பிரிக்க மாட்டாங்க. நான் பாட்டுக்கு..."

"போலீஸ்ல இதைத்தான சொல்லியிருக்கா?"

"அதையேதான். அவங்க கையில அருள் ஏற்கெனவே இருந்தான். அதனால அவங்க காதுல 'அவன்'னு விழுந்திருக்கு." சரிதா திரும்பி மிதாலியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மிதாலி, இதென்ன கேள்வி என்பது போல அவளைப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொன்னாள்.

"பொம்பளை. ஏன் முன்னாடியே சொல்லலைன்னா, யாரும் கேக்கலையாம்."

"உக்காந்த புலி ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

மிதாலி தயங்கினாள். பிறகு முதலாளி பார்க்காதபோது கவுன்டருக்கு அடியிலிருந்து தன் சொந்த டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கடையிலேயே விலைக்கு வாங்கியது. அன்றைக்குச் சாப்பாட்டோடு உள்ளே இருந்ததால் தப்பித்தது. மூடியில் கேந்தோ சர்தார் சம்மணமிட்டு, தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார்.

பெத்துராஜ் டிபன் பாக்ஸைத் தலைகீழாகத் திருப்பினார்.

முதலில் வெறும் கோடுகள்தான் தெரிந்தன. சரிதாதான் முதலில் கண்டாள். அவள் கை அவர் முழங்கையை இறுக்கியது. புலியின் வாய் கூர்மையான அலகாகி ஒரு முகமூடியில் முடிந்திருந்தது. மார்பின் கறுப்பு வரிகள் இரட்டைப் பின்னலாகிப் பறந்தன. தலைப்பாகையின் மடிப்புகள் விரிந்த சிறகாகிவிட்டன. தலைகுப்புறப் பாய்ந்துகொண்டிருந்த அந்தப் பெண், ஒரு கண்ணை மூடிச் சிரித்தாள்.

"மாச்ராங்கா" என்றாள் சரிதா. இந்த முறை அதோடு எதையும் சேர்க்கவில்லை.

"இவ இங்க இருக்கான்னு வரைஞ்சவங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார் பெத்துராஜ். "கம்பெனி கார்டு உள்ள பொம்பளை. ஜுரம்னு லீவு. அந்தம்மா வீடு எங்கன்னு விசாரி."

வீடு அங்கிருந்து மூன்றாவது சந்தில், மாடியில் இருந்தது. மோட்டார் சைக்கிள்காரன் தெருமுனையில் நின்றுகொண்டான். கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நரையோடிய குட்டை முடி, விரல்களில் மை. ஜுரத்தின் அடையாளம் எதுவும் இல்லை. பெத்துராஜ் டிபன் பாக்ஸைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். சரிதாவின் செருப்பு முந்திக்கொண்டது.

"காலை எடும்மா. போலீஸைக் கூப்பிடுவேன்" என்றாள் வித்யாலக்ஷ்மி.

"கூப்பிடுங்க மாமி. எங்களுக்கு ஆட்டோ காசு மிச்சம்."

உள்ளறையில் கட்டில் தெரியவில்லை. பைகளும் பாட்டில்களும் டிபன் பாக்ஸ்களும் ஜன்னல் வரை குவிந்திருந்தன. எல்லாம் தலைகீழாக அடுக்கியிருந்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு பெண் கண்ணடித்துக்கொண்டே பாய்ந்தாள்.

"மாச்ராங்காவைச் சாமான்ல போடக் கூடாதுன்னு உங்க முதலாளி சொன்னாரு" என்று தொடங்கினார் பெத்துராஜ். "நீங்க கோபத்துல புலிக்குள்ள ஒளிச்சு வச்சீங்க. யாருக்கும் தெரியல. குண்டு போட்டி வச்சதும் பயந்துட்டீங்க. ஊர்ப் பிள்ளைங்க பூரா அவளைத் தேடுது. கண்டுபிடிச்சா கம்பெனி மாட்டும், கம்பெனி உங்களை மாட்டிவிடும். அதனால..."

"பயமா?" வித்யாலக்ஷ்மி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "எனக்கா? கண்டுபிடிக்கணும்னுதானே ஒளிச்சேன். ஏதாவது ஒரு குழந்தை ஒருநாள் பையைக் கவுத்துப் போட்டுப் பாக்கும், சிரிக்கும்னு நாலு வருஷமாக் காத்துண்டிருந்தேன். நீங்க அந்தப் பலகையைப் படிச்சேளா, இல்லையா? அனுப்பற படமெல்லாம் அவனுக்குச் சொந்தமாம். வித்துப்போனதை என்ன பண்ணறது, கடையில மிச்சமிருக்கறதையாவது எடுத்துண்டேன்."

பெத்துராஜ், தான் வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த கணக்கு கண்ணெதிரே சரிவதை உணர்ந்தார்.

"அவளை நான் உண்டாக்கினப்போ எனக்குச் சம்பளம் குடுத்தா. அதனால கம்பெனிக்குச் சொந்தம்னா. சரின்னேன். கம்பெனி அவளை வித்துது. அப்பவும் சரின்னேன். அழிடின்னா, என் கையாலயே அழிச்சேன். சாகடின்னா, சாகடிச்சேன். ஆனா புலிக்குள்ள இருக்காளே, இவளை வரையச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லலை. யாரும் விக்கலை, யாரும் வாங்கலை. இவ ஒருத்திதான் என்னுது. இவளையும் எவனோ போன்ல பிடிச்சு அனுப்பி, அந்தக் குண்டு எடுத்துக்கணுமா?"

சரிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெத்துராஜ் கையமர்த்தினார்.

"நீங்க சொல்லுதது நியாயமாவே இருக்கட்டும்மா. இதுக்காக அருள் நேத்துலேருந்து போலீஸ்ல உக்காந்திருக்கான். காலையில கோர்ட்டு."

அவள் முகத்திலிருந்த கோபம் நகர்ந்தது. "விசாரிச்சுட்டு விட்டுடுவான்னு நெனைச்சேன்."

"நெனைச்சீங்களா? அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவள் உள்ளே போனாள். வெளியே வந்தபோது காலில் செருப்பு இருந்தது. "ஒரு டாக்ஸி கூப்பிடுங்கோ" என்றாள். "எல்லாத்தையும் ஏத்தணும்."

போலீஸ் ஸ்டேஷனில் பொரோபாபு என்று எல்லோரும் கூப்பிடும் இன்ஸ்பெக்டர், தன் மேஜைமேல் குவிந்த பைகளை வெறுப்போடு பார்த்தார். வரச்சொல்லி அழைத்த வெங்கடநாராயணன் அதைவிட வெறுப்போடு பார்த்தார். சுவரோரப் பெஞ்சில் அன்னக்கிளி உட்கார்ந்திருந்தாள். கம்பிக் கதவுக்குப் பின்னால் அருள்.

"என்னய்யா இது?"

பெத்துராஜ் ஒரு டிபன் பாக்ஸை முதலாளிக்கு மட்டும் தெரிகிறாற்போலத் திருப்பிப் பிடித்தார். வெங்கடநாராயணனின் முகத்தில் ரத்தம் வற்றியது. அவர் மெல்லத் திரும்பி வித்யாலக்ஷ்மியைப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

"அட்டைப் படத்துலேர்ந்து அவளை எடுத்தேளே, அந்த மாசத்துலேர்ந்து."

"சார், சுருக்கமாச் சொல்லுதேன்" என்றார் பெத்துராஜ் தமிழில், குரலைத் தாழ்த்தி. "இதுல இருக்கது மாச்ராங்காதான்னு நீங்க சொன்னா, குண்டுவோட பொண்ணை நாலு வருஷமா நீங்க வித்திருக்கீங்கன்னு ஆகும். பூஜைக்கு முன்னால கடையைப் பூட்டுவாரு. இல்ல, இது வெறும் புலி, பிரிண்டிங் மிஸ்டேக், என் கம்பெனி ஆளு திருப்பி எடுத்தாங்கன்னு சொன்னா, திருட்டே நடக்கல. அருளை விட்டுரணும். ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கிடுங்க."

"பிளாக்மெயிலா?"

"கூட்டல் கழித்தல் சார்" என்றாள் சரிதா.

வெங்கடநாராயணன் அவர்கள் மூன்று பேரையும் மாறி மாறி முறைத்தார். பிறகு பொரோபாபுவிடம் திரும்பி வங்காளியில், பல்லைக் கடித்துக்கொண்டு, பிரிண்டிங் மிஸ்டேக் என்றார். தனக்குத் தெரியாமல் ஆபீஸிலேயே திருப்பி எடுத்திருக்கிறார்கள், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். தமிழில் வித்யாலக்ஷ்மியிடம், "இத்தனையும் இன்னிக்கே என் கண்ணெதிர நொறுக்கணும். நாளைலேர்ந்து ஆபீஸ் பக்கம் வராதே" என்றார். பொரோபாபு காகிதத்தை நகர்த்தினார். முதலாளி பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் குண்டு உள்ளே வந்தார். பின்னால் மோட்டார் சைக்கிள்காரன்.

"டாக்ஸி நிறையச் சாமான் ஏத்திட்டுப் போறாங்கன்னு சொன்னான். ஒவ்வொண்ணையும் தலைகீழா வச்சு ஏத்தினாங்களாம்." குண்டு ஒரு பையை எடுத்துக் கவிழ்த்தார். நெடுநேரம் பார்த்தார். சினிமாக்காரர் கண். அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "பொரோபாபு, இது என் மாச்ராங்கா."

"அது புலி" என்றார் வெங்கடநாராயணன். பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"கோடுதானே தெரியுது" என்றார் பொரோபாபு, தலையைச் சாய்த்து. "எனக்குப் பறவை மாதிரியும் இருக்கு, பூனை மாதிரியும் இருக்கு."

"வரைஞ்சவங்களைக் கேட்டாத் தெரிஞ்சிடும்." குண்டு வித்யாலக்ஷ்மி பக்கம் திரும்பினார். அவர் குரல் சட்டென்று மென்மையானதைப் பெத்துராஜ் கவனித்தார். அந்த மென்மை அதுவரை கேட்ட கத்தல் எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடிக்கவில்லை. "நீங்கதானே இவளை உருவாக்கினவர்? உங்க பேரை அவன் ஒரு புத்தகத்திலயாவது போட்டானா? நான் போடறேன். படத்தோட முதல் டைட்டில் கார்டுல, தனியா. 'மாச்ராங்காவை உருவாக்கியவர் வித்யாலக்ஷ்மி.' ஊர் பூரா பாக்கும். இதுல இருக்கிறது அவதான்னு இவர் முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் ஆமாம் என்றால் குண்டு வழக்குப் போடுவார். முதலாளி பேனாவை மூடிவிடுவார். புகார் அப்படியே நிற்கும். இத்தனையும் அருளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வித்யாலக்ஷ்மி குண்டுவின் கையிலிருந்த பையை வாங்கினாள். தலைகீழாகவே ஒரு கணம் வைத்துப் பார்த்தாள். மை படிந்த கட்டைவிரல் அந்தக் கண்ணடிக்கும் முகத்தின் மேல் ஒரு முறை போய் வந்தது. பிறகு நேராகத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"இல்லை. அது புலி" என்றாள். "கோடு தப்பா விழுந்திருக்கு."

குண்டு அவளை உற்றுப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்றை வங்காளியில் மென்றுவிட்டு, தன் ஆளை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். ஆனால் வெளியே போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது வாய் தவறினால் பிடித்துவிடலாம் என்று காத்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. வெங்கடநாராயணன் கையெழுத்துப் போட்டார். கம்பிக் கதவு திறந்தது.

அருள் வெளியே வந்தான். ஒரு ராத்திரியில் முகம் ஒடுங்கிப் போயிருந்தது. அன்னக்கிளி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பெத்துராஜைப் பார்த்து, "யாரு சார் எடுத்தது?" என்று கேட்டான்.

பெத்துராஜ் வாய் திறப்பதற்குள் வித்யாலக்ஷ்மி முன்னால் வந்தாள். "நான்தான்ப்பா."

"நீங்களாம்மா?" அவனுக்கு நம்ப முடியவில்லை. "எதுக்கு?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிலைப்படியில் குண்டுவின் போன் உயர்ந்தே இருந்தது. மேஜைமேல் கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. அவளுக்கு இருந்த ஒரே பதிலைச் சொன்னால் முதலாளி அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுவார், அவன் மறுபடி உள்ளே போக வேண்டும்.

"ஒரு ராத்திரி பூரா என் புருஷன் உள்ள இருந்தாரு" என்றாள் அன்னக்கிளி. "எதுக்குன்னுகூடச் சொல்ல மாட்டியா நீ? நல்லா இருப்பியா?"

சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். வித்யாலக்ஷ்மி நேராக நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.